பார்சா ரோக்கன் வொலற்றில் வரவில்லை, அவசரம்

மல்லாவிப் பெடியன்:
அண்ணைமார், உதவி தேவை. கனடா அத்தான் என் பிறந்தநாளுக்கு 5 பார்சா ஃபான் ரோக்கன், அதுதான் பார்சிலோனா காற்பந்துக் கழக ரசிகர்களுக்கான கிரிப்டோ, அனுப்பினார். அவருக்கு அனுப்பியாச்சு என்று காட்டுது. என் போனில் கிரிப்டோவைக் காட்டுகிற வொலற் அப்பில் பூச்சியம். பத்துத் தரம் மூடித் திறந்துவிட்டேன். காசு போயிட்டுதா?

முத்தையன்கட்டு:
எந்த வொலற்? எந்த நெற்வேர்க்கில் அனுப்பினார்?

மாங்குளம் சந்தி:
சிக்னல் பிரச்சினைதான். எனக்கும் மழைக்குள் இப்படித்தான், கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால்தான் ஒரு கட்டை வரும்.

கிளிநொச்சி மூத்தவர்:
சிக்னலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இதே கேள்விக்கு எத்தனை தரம் எழுதிவிட்டேன், தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவரிடமும் இல்லை. ரோக்கன் போனுக்குள் இருப்பதில்லை, செயினில், அதாவது இணையத்தில் உள்ள பொதுக் கணக்குப் பதிவேட்டில், இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது சாவி மட்டும். அத்தானிடம் பரிவர்த்தனை ஹாஷ், அதாவது அனுப்பியதற்கான அடையாளக் குறியீடு, வாங்கிப் போடுங்கள்.

மல்லாவிப் பெடியன்:
வொலற் மெற்றாமாஸ்க் அண்ணை. சிலிஸ் செயின் என்று அத்தான் சொல்கிறார். ஒருவர் உள்பெட்டியில் வந்து வொலற்றின் 12 இரகசியச் சொல்லையும் தா, எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கவா?

முத்தையன்கட்டு:
கொடுக்காதேங்கோ! அந்தச் சொற்கள் போனால் வொலற்றே போச்சு. உடனே பிளொக் பண்ணுங்கோ.

கிளிநொச்சி மூத்தவர்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வொலற் எதேரியம் என்ற வேறொரு செயினைக் காட்டிக்கொண்டிருக்கிறது. முகவரி இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் ரோக்கன் பத்திரமாக இருக்கிறது. சிலிஸ் செயினை நெற்வேர்க்காகச் சேருங்கள், செயின் இலக்கம் 88888. அப்புறம் ரோக்கனின் கொன்ராக்ட் முகவரியை, அதாவது செயினில் அந்த ரோக்கனுக்கே உரிய முகவரியை, அதிகாரபூர்வ பக்கத்தில் இருந்து எடுத்து வொலற்றில் இம்போர்ட் பண்ணுங்கள். கூகிளில் முதலில் வருவதை நம்பாதீர்கள்.

வவுனியா மட்ரிட்:
இதுக்கு இவ்வளவு பாடா? 2020இல் பார்சா ரோக்கன்காரருக்குக் கொடுத்த முதல் வாக்கெடுப்பே உடைமாற்றும் அறைச் சுவரில் எந்த ஓவியம் என்பதுதான். கழகத் தலைவரைத் தெரிவு செய்வது கழக அங்கத்தவர்கள். ரோக்கன் வைத்திருப்பவருக்கு அந்த வாக்கு இல்லை.

புதுக்குடியிருப்பு 10:
அண்ணை, பார்சா மைதானமான காம்ப் நூ வாசலைக்கூடக் காணாத எங்களுக்கு அந்தச் சுவரும் பெரிசுதான். 2021இல் பாரிஸ் கழகம் மெஸ்ஸிக்குக் கொடுத்ததிலேயே ஒரு பங்கு ஃபான் ரோக்கன்.

வவுனியா மட்ரிட்:
மெஸ்ஸிக்கு விலை விழுந்தால் தாங்கும். இங்கே நகை அடகு வைத்து வாங்கினவனை எனக்குத் தெரியும். ஆசை என்றால் அந்தக் காசில் ஊர்க் கழகத்துக்கு இரண்டு பந்து வாங்கிக் கொடுங்கோ, பெடியள் தையல் பிரிந்த பந்தோடு விளையாடுகிறார்கள்.

புதுக்குடியிருப்பு 10:
பந்தும் வாங்குவோம். தம்பிக்கு இது பரிசாக வந்தது, காசு கொடுத்து வாங்கவில்லையே.

முத்தையன்கட்டு:
இனி வாங்க நினைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். கிரிப்டோ வாங்க இலங்கை வங்கி அட்டைகளைப் பாவிக்க மத்திய வங்கி அனுமதிக்கவில்லை. யாரோ தெரியாத ஆளின் கணக்குக்குக் காசு போட்டு மாட்டாதேங்கோ.

மல்லாவிப் பெடியன்:
5ம் வந்திட்டுது! சொற்களைக் கொடுக்கவில்லை. நன்றி அண்ணைமார்.

கிளிநொச்சி மூத்தவர்:
நல்லது. பிறகு வேறு எங்காவது அனுப்ப நினைத்தால் கட்டணத்துக்கு சிலிஸ் காசு கொஞ்சம் வேண்டும், ரோக்கனை வைத்து அதைக் கட்ட முடியாது. அத்தானிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

மாங்குளம் சந்தி:
எனக்கும் அதே நெற்வேர்க் பிரச்சினையாக இருக்குமோ? என்னிடம் இருப்பது யுவென்டஸ் கழக ரோக்கன்.