முறுக்கு வியாபாரத்துக்கு டவுன்ல கடை எடுக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

முறுக்கு வீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட், தோட்டத்துல பொறந்து வளர்ந்து இப்ப தாமான்ல (குடியிருப்புப் பகுதி) வீடு. மூணு வருஷமா வீட்டுலயே முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி போட்டு விக்கிறேன், நாத்தனார் கூடமாட ஒத்தாசைக்கு வருவாங்க. ஒரு போத்தல் 15 வெள்ளி (ரிங்கிட்), மாவு எண்ணெய் கேஸ் போத்தல் எல்லாம் சேர்த்து 8.50 ஆகுது, மிச்சம் 6.50 லாபம்னு வச்சிருக்கேன். போன தீபாவளி சீசன்ல 600 போத்தல் போச்சு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புழிஞ்சோம். மத்த மாசத்துல 80, 90 போத்தல்தான்.

இப்ப டவுன்ல பழைய கடை வரிசையில ஒண்ணு காலியா இருக்கு, வாடகை 800, ரெண்டு மாச டெபாசிட். வீட்டுக்காரர் செம்பனை லோரி ஓட்டுறாரு, அவரு எடுத்துடு பாத்துக்கலாம்ங்கிறாரு, மாமியார் வேணாம்ங்கிறாங்க. இன்னொரு பக்கம் கடன் எழுதி வைக்கிற 555 புத்தகத்துல எனக்கு வர வேண்டிய பாக்கி மட்டும் 1,900 வெள்ளி நிக்குது, பாதி சொந்தக்காரங்க, கேட்டா மூஞ்ச திருப்பிக்கிறாங்க. டவுன்ல ஒரு கடைக்காரரும் வித்துட்டு காசு தர்றேன்னு 40 போத்தல் வாங்கி வச்சாரு, மூணு மாசமாச்சு, போன் எடுக்கிறதே இல்ல. எனக்கு இந்த தொழில் ரொம்ப புடிச்சிருக்கு, விட மனசில்ல. கடை எடுக்கலாமா?

கூலிம் அண்ணன் எழுதியது:

தங்கச்சி, தீபாவளி மாசத்த வச்சு கடை எடுக்காதீங்க, சித்திரை வைகாசி மாசத்து கணக்க வச்சு முடிவு பண்ணுங்க. நான் பட்டதால சொல்றேன்.

2019 கடைசியில சாப்பாட்டுக் கடை தொறந்தேன், மொத ரெண்டு மாசம் நல்ல கூட்டம். சாயங்காலம் ஆனா கல்லாவுல இருந்து மீனுக்கு 30, பிள்ளைக்கு டியூஷன் காசு, மோட்டோவுக்கு எண்ணெய்னு எடுத்துக்கிட்டே இருப்பேன், எழுதி வைக்கல. கல்லா நெறஞ்சு இருந்ததால எல்லாம் என் காசுன்னு நெனச்சிட்டேன், அதுல நாளைக்கு கோழிக்காரருக்கு குடுக்க வேண்டியதும் கடை வாடகையும் இருக்குன்னு ஒறைக்கல. 2020 மார்ச் 18-ந்தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சு, கையில ஒரு மாச வாடகைக்குக்கூட காசு இல்ல. ஆலோங்கிட்ட, அதான் கந்துவட்டிக்காரன்கிட்ட, 5,000 வாங்கினேன், வட்டிய முன்கூட்டியே புடிச்சிக்கிட்டு 4,000தான் கையில குடுத்தான். அந்த கடன அடைக்க என் பொண்டாட்டி தாலிக்கொடி போச்சு. நீங்க எந்த நெலமையிலும் அந்த பக்கம் போயிடாதீங்க.

இப்ப காலையில நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி தொழிற்சாலை வாசல்ல மோட்டோவுல வச்சு விக்கிறேன், ஒம்பது மணிக்குள்ள தீர்ந்துடும். வாடகை கெடையாது, நிம்மதியா தூங்குறேன்.

ஈப்போ கணக்கு எழுதியது:

சின்ன கடைகளுக்கு கணக்கு எழுதுறது என் வேலை. உங்க 6.50 லாபம் லாபமே இல்லங்க, அதுல உங்க கூலியும் நாத்தனார் கூலியும் ஒளிஞ்சிருக்கு. 20 போத்தல் போட ரெண்டு பேரு அஞ்சு மணி நேரம் நிக்கிறீங்கன்னு வைங்க. குறைந்தபட்ச சம்பளம் இப்ப மாசம் 1,700, மணிக்கு 8 வெள்ளிக்கு மேல வருது, 8ன்னே போட்டாலும் ரெண்டு பேருக்கும் சேர்த்து பத்து மணி நேரத்துக்கு 80 வெள்ளி, போத்தலுக்கு 4. மிச்சம் 2.50. வாடகை 800-ஐ இந்த 2.50ஆல வகுத்துப் பாருங்க, மாசம் 320 போத்தல் வித்தாதான் வாடகை மட்டும் வரும், கரண்டு தண்ணி தனி. நீங்க விக்கிறது 90.

அதனால கடைய விடுங்க, மொதல்ல பேர பதிஞ்சிடுங்க. தொழில் பதியுற அரசாங்க ஆணையம் எஸ்.எஸ்.எம்-ல தொழில் பேருக்கு வருஷம் 60 வெள்ளி, சொந்த பேருலயே பண்ணா 30. ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதியணும்னு சட்டமே இருக்கு, மூணு வருஷம் ஆச்சுன்னா இனியும் தள்ளிப்போடாதீங்க. உணவு கையாளுறவங்க பயிற்சி, டைபாய்டு ஊசி ரெண்டையும் முடிச்சிடுங்க, லைசென்சுக்கு போனா முதல்ல அதத்தான் கேப்பாங்க. வியாபாரத்துக்குன்னு தனி பேங்க் கணக்கு தொறந்து டுவிட்நவ் கியூஆர்-ல (போன்ல ஸ்கேன் பண்ணி காசு அனுப்புறது) வர்றது எல்லாம் அதுலயே விழட்டும். பின்னாடி சின்ன தொழிலுக்கு கடன் குடுக்கிற அரசாங்க அமைப்பு தெக்குன்ல நம்ம இந்திய சமூகத்துக்குன்னு இருக்கிற ஸ்பூமி கடனுக்கு போறதா இருந்தா அந்த ஸ்டேட்மெண்டுதான் உங்களுக்காக பேசும், 555 புத்தகத்த யாரும் பாக்க மாட்டாங்க. இபிஎஃப் (சேமநிதி) ஐ-சாரான்லயும் சேருங்க, சொந்தத் தொழில் பண்றவங்க தாங்களா காசு போடுற திட்டம் அது, நாம போடுறதுல 20 விழுக்காடு, வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் அரசாங்கம் சேர்த்துப் போடுது. தோட்டத்துல வேலை செஞ்ச நம்ம அம்மாங்களுக்காவது இபிஎஃப் இருந்துச்சு, வீட்டுல தொழில் பண்ற பொம்பளைங்களுக்கு ஒண்ணுமே இல்லாம போயிடுது, அதான் எனக்கு கவல.

பழைய தோட்டத்து ஆள் எழுதியது:

அம்மா, கடன் விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். நான் 22 வருஷம் தோட்டத்துல மளிகைக் கடை வச்சிருந்தவன். எங்க தோட்டத்துல சம்பளம் 7-ந்தேதி, அன்னைக்கு சாயங்காலம் நேர்ல போகணும், 10-ந்தேதி போனா காசு இருக்காது. எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க, மொத்தமாவும் கேக்காதீங்க, இந்த மாசம் 20 வெள்ளி குடுங்கன்னு கேட்டா மானமுள்ளவங்க குடுப்பாங்க. புதுசா வாங்கறவங்களுக்கு பாதி காசு முன்பணம், சொந்தக்காரங்களுக்கும் அதே சட்டம்தான். மொத ரெண்டு மாசம் வருத்தப்படுவாங்க, அப்புறம் பழகிடும்.

நம்ம ஆளுங்களுக்கு காசு குடுக்க தெரியாதுன்னு சொல்லிடாதீங்க. 1960-ல, மந்திரியா இருந்த துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினப்ப தோட்டத்து ஜனங்க மாசம் பத்து பத்து வெள்ளியா கட்டி தோட்டத்தையே வாங்கினாங்க, எங்க அப்பாவும் கட்டினாரு. ரசீதோட, தேதி தவறாம வந்து கேக்க ஆள் இருந்தாங்க, அதனால கட்டினாங்க. நீங்களும் ரசீது போடுங்க.

அந்த கடைக்காரருக்கு இனிமே சரக்கு வைக்காதீங்க. எந்த கடைக்கு குடுத்தாலும் பத்து போத்தல் குடுங்க, அதுக்கு காசு வந்தாதான் அடுத்த பத்து.

முறுக்கு வீடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஈப்போ அக்கா போட்ட கணக்க நேத்து ராத்திரி மூணு தடவ போட்டு பாத்தேன், 320தான் வருது. வீட்டுக்காரருகிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தாரு, அப்புறம் சரி கடை வேணாம்னுட்டாரு. எனக்கு அத விட மனச அறுத்தது நாத்தனார் விஷயம். மூணு வருஷமா எண்ணெய் சட்டி பக்கத்துல நின்னவங்களுக்கு தீபாவளிக்கு ஒரு சேலைய தவிர நான் ஒண்ணும் குடுத்ததில்ல, அவங்களும் கேட்டதில்ல. இந்த மாசத்துலேர்ந்து போத்தலுக்கு 2 வெள்ளி அவங்களுக்குன்னு சொல்லிட்டேன், வேணாம் வேணாம்னு அழுதாங்க. அதோட 15 வெள்ளிய 17 ஆக்குறதா இருக்கேன், பழைய ஆளுங்களுக்கு முன்கூட்டியே சொல்லிட்டுதான்.

எஸ்.எஸ்.எம்-க்கு திங்கக்கெழம போறேன். நாளைக்கு 7-ந்தேதி, இன்னைக்கே ரசீது புத்தகம் வாங்கிட்டேன், நாளைக்கு சாயங்காலம் அத்தை வீட்டுலேர்ந்து கடன் வசூல ஆரம்பிக்கிறேன்.