பன்றி டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

கோலாலம்பூரிலிருந்து:

ஹலால் சோதனைக்கு மாதிரிகள் வரும் ஆய்வகம் ஒன்றில் இரண்டு வருடம் இருந்தேன். உணவில் பன்றி கலந்திருக்கிறதா என்று பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைச் சுழற்சி சுழற்சியாகப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை) பார்ப்போம். தேடுவது பிரீ-1 என்ற துண்டை. நீளம் 200 டிஎன்ஏ எழுத்துக்குச் சற்று மேல்தான், ஆனால் பன்றியின் மரபணுத்தொகுப்பில் லட்சக்கணக்கான இடங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரே பிரதியுள்ள மரபணுவைத் தேடுவதைவிட 16, 17 சுழற்சி முன்னதாகவே, பன்றி இருப்பதைக் காட்டும் கோடு ஏறிவிடும். துளியூண்டு இறைச்சி போதும்.

அதுவே வினையானது. ஒரு வாரம் கோழியிலும் பன்றி வந்தது. ஒப்பீட்டுக்காக நானே சந்தையில் வாங்கி வந்த கோழி! இறைச்சிக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய குழாயில், பிரைமர் (தேடும் துண்டின் ஓரத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ) இருந்தும் ஒன்றும் ஏறவில்லை. "அப்ப பிரைமர் மேல தப்பில்ல தம்பி, அதுக்கு முன்னாடி பாரு" என்றார் சீனியர் அக்கா. பார்த்தால், இறைச்சி அரைக்கும் பீங்கான் கல்வம். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) வைத்தால் போதும் என்று நம்பியிருந்தோம். அது கிருமியைக் கொல்லும். டிஎன்ஏவை நொறுக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது. எங்கள் சோதனைக்கு நொறுங்கிய துண்டே தாராளம். ப்ளீச்சில் ஊறவைத்து, பன்றிக்குத் தனிக் கல்வம் ஒதுக்கிய பிறகுதான் கோழி கோழியானது. அந்த வார மாதிரிகள் அத்தனையையும் மறுபடி ஓட்டினேன்.

குவஹாத்தியில் படித்தவர்:

எனக்கு வங்காளத்து குங்ரூ இனப் பன்றிகளில் மைக்ரோசாட்டிலைட் (ஓரிரு எழுத்துகளே அடுத்தடுத்துத் திரும்பி வரும் டிஎன்ஏ இடம்) வேலை. சிஏசிஏசிஏ என்று ஓடும் இடத்தில் பிசிஆர் நொதி வழுக்கி, இரண்டெழுத்து குறைவாக வரைபடத்தில் ஒரு போலிச் சிகரம் காட்டும். அது நிஜ அல்லீலா (அந்த இடத்தின் உண்மையான இன்னொரு வடிவம்) போலியா என்று முறைத்தே கண் போச்சு.

சேலத்திலிருந்து:

நான் ஆய்வகம் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். 2024 மார்ச்சில் பாஸ்டனில் 62 வயதுக்காரருக்குப் பன்றிச் சிறுநீரகம் பொருத்திய செய்தி வந்ததிலிருந்து பன்றி உறுப்பு பொருத்துவது பற்றித்தான் படிக்கிறேன். பன்றியின் மரபணுத்தொகுப்பிலேயே பழைய ரெட்ரோவைரஸ் (தன் மரபணுவை செல்லின் டிஎன்ஏவில் செருகிவிடும் வைரஸ்) பிரதிகள் பரம்பரையாக வருகின்றன; அவை மனித செல்லைத் தொற்றக்கூடும் என்று 1997லேயே ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள். அந்தச் சிறுநீரகத்தில் செய்த 69 மரபணுத் திருத்தங்களில் 59 இவற்றை முடக்கத்தான். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு என்பது இங்கே வசதி, ஒரே வெட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும். 2015இல் ஆய்வகத்தில் வளர்த்த ஒரு பன்றிச் செல் வரிசையின் 62 பிரதிகளையும் இரண்டே வழிகாட்டி ஆர்என்ஏ (எங்கே வெட்டுவது என்று காட்டுவது) வைத்து வெட்டினார்களே!

மேலே உள்ள கோலாலம்பூர் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "லட்சம் இருக்குன்னு அந்தத் தம்பி சொல்றாரு, இவங்க 59தான் அடைச்சாங்களா?" என்றார். பிரீ-1 வைரஸே இல்லை, அது எந்தப் புரதமும் செய்யாது என்று புரியவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது.