மறு: சரக்குப் போக்குவரத்து அளவுக்குச் சின்னதாக ஒரு சொல்

தருமபுரி, பொருளியல் ஆசிரியர்:
வணக்கம். பாடக்குறிப்பு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. பொருளாதாரம் தொய்கிறதா என்று பார்க்க எவ்வளவு சரக்கு நகர்கிறது என்பதைக் கவனிப்பார்கள் அல்லவா, அதற்கு ஒரு சொல் வேண்டும். 'சரக்குப் போக்குவரத்து அளவு' அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. வாடகைக்கும் தனிச்சொல் தேவை, பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பால்டிக் உலர்சரக்குக் குறியீட்டெண் 2008 மே மாதம் 11,793இல் இருந்தது, டிசம்பரில் 663க்கு விழுந்தது என்றால், 'அவ்வளவு சரக்கும் நின்றுபோச்சா சார்?' என்கிறார்கள். அது கப்பல் வாடகைக் கணக்கு. சரக்கு குறைந்தாலும் விழும், கப்பல் அதிகமானாலும் விழும். 2016 பிப்ரவரியில் 290 வரை போனதில் தேவைக்கு மிஞ்சிய கப்பல்களுக்கும் பங்கு உண்டு. இன்னொரு தொல்லை, 'சரக்கு' என்றதும் கடைசி பெஞ்சில் சிரிப்பு.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
யாரும் சிரிக்காத சொல் உங்கள் தகடூரிலேயே இருக்கிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவை பாடிய புறம் 102, 'சகடம் பண்டம் பெரிதுபெய் தன்றே', அதாவது வண்டியில் பண்டம் நிறைய ஏற்றியிருக்கிறது. பண்டப்பெயர்ச்சி, பண்டக்கூலி என்று வையுங்கள். பண்டம் ஏற்றுவது பண்டி, பண்டியே வண்டி என்பது என் நெடுநாள் எண்ணம், வடமொழிக்குத் தள்ளுகிறவர்கள் தள்ளட்டும். அதே பாட்டின் 'அவல் இழியினும் மிசை ஏறினும்', பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்பதைத் தொப்பூர்க் கணவாயில் நின்று படித்துப் பாருங்கள். அந்தப் பாட்டில் உமணர், அதாவது உப்பு வணிகர், மாற்றுக்கென்று கட்டிவைத்த 'சேம அச்சு' வருகிறதே, ஸ்டெப்னியைச் சேமச்சக்கரம் என்று சொன்னால் என்ன குறை?

ஓசூர், லாரி புக்கிங் ஆபீஸ்:
ஐயா, பண்டம் என்றால் எங்கள் வீட்டில் முறுக்கும் அதிரசமும்தான். லைனில் கேட்பது லோடு உண்டா இல்லையா, அவ்வளவே. கம்பெனியில் உற்பத்தி குறைந்தால் முதலில் ஷெட்டில் வண்டி நிற்கும், பேப்பரில் அப்புறம்தான் வரும். அதற்காக வண்டி நின்றாலே மந்தம் என்று எழுதிவிடாதீர்கள் சார். மாம்பழக்கூழ் சீசன் முடிந்தால் கிருஷ்ணகிரியில் லோடு குறையத்தான் செய்யும், போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். 'லோடளவு' என்று போடுங்கள், டிரைவருக்கும் புரியும்.

பென்னாகரம், மொழிபெயர்ப்பாளர்:
லோடளவு என்றால் ஐயா தூங்க மாட்டார். ஏற்றளவு, ஏற்றுகூலி? சொன்னதும் எனக்கே ஏற்றுமதி நினைவுக்கு வருகிறது, வேண்டாம். ஆனால் எதன் அளவு என்று முதலில் முடிவு செய்யுங்கள். டன்னா, எத்தனை நடையா, சரக்கின் மதிப்பா? 2018 ஏப்ரலில் வந்த ஈ-வே பில்லை, சரக்கு அனுப்ப எடுக்கும் மின்னணுச் சீட்டை, எண்ணித்தான் இப்போது மாதாமாதம் நிலவரம் சொல்கிறார்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் பொதுவாக அந்தப் பில், அது டன்னைச் சொல்லாது. கிரானைட் கல்லுக்கும் ஒரு பில், செல்போன் பெட்டிக்கும் ஒரு பில்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
லோடை உள்ளே விட்டால் பின்னாலேயே டோலும் டீசலும் வரும். அப்புறம் கலைச்சொல் எதற்கு, நேராக ஆங்கிலத்திலேயே நடத்திவிடலாமே.

ஓசூர், லாரி புக்கிங் ஆபீஸ்:
டீசல் உள்ளே வந்து ரொம்ப வருஷமாச்சு ஐயா.

தருமபுரி, பொருளியல் ஆசிரியர்:
சரி, நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். 'சரக்களவு', 'சரக்குக்கூலி' என்று போட்டுவிட்டேன், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அட்டவணைக்குக் கீழே டன்னா, நடையா, பில்லா என்று தனியாகக் குறித்திருக்கிறேன். நான்கு பேரில் இரண்டு பேர் சம்மதம், ஓசூர்க்காரர் 'பரவாயில்லை' என்றார், அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்' என்பது நன்னூல், சரக்கு + அளவு சரக்களவுதான், புணர்ச்சியில் பிழை இல்லை. ஆனாலும் நான் பண்டப்பெயர்ச்சி என்றுதான் எழுதுவேன். அப்புறம், தொய்வு ஒன்று, மந்தம் வேறு. உங்கள் பாடக்குறிப்பில் இரண்டும் மாறி மாறி வருகின்றன, அதை எப்போது பேசலாம்?