செவ்பாக்கா செத்த புத்தகமும் அதற்குப் பின் வந்த இருட்டும்: படித்தவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

ஸ்டார் வார்ஸ் நாவல்களில் ‘நியூ ஜெடாய் ஆர்டர்’ வரிசையை இப்போது புதிதாக எடுப்பவர்களும், செவ்பாக்காவைச் சாகடித்தது சரியா என்று 1999-இல் வாசகர்கள் போட்ட அதே சண்டையைத்தான் போடுகிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோள். “பிடித்தது, பிடிக்கவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த இழையில் எழுதுகிற ஒவ்வொருவரும் எந்தப் புத்தகத்தில், எந்த இடத்தில், எதனால் என்று எழுதுங்கள். கதை முடிச்சுகள் எல்லாம் இங்கே அவிழும். படிக்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடலாம்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1991-இல் வந்த திமோதி ஸானின் முதல் ஸ்டார் வார்ஸ் நாவலில் இருந்து 1999 வரை இந்தப் புத்தகங்களைப் போட்டது பாண்டம் ஸ்பெக்ட்ரா பதிப்பகம். வில்லன் வருவான், சூப்பர் ஆயுதம் வரும், கடைசியில் படங்களின் நாயகர்களான லூக், லேயா, ஹான், ஹானின் உயிர்த்தோழன் செவ்பாக்கா எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவார்கள். உரிமை டெல் ரே பதிப்பகத்தின் கைக்குப் போனதும் 1999 அக்டோபரில் ‘வெக்டார் பிரைம்’ வந்தது. எழுதியவர் ஆர்.ஏ. சால்வடோர். அதில் செவ்பாக்கா சாகிறான். 2003 வரை நீண்ட வரிசை மொத்தம் 19 நாவல்கள். 5 கெட்டி அட்டை, மீதி 14 சின்ன பேப்பர்பேக்.

1999 மே மாதம்தான் புதிய ஸ்டார் வார்ஸ் படம் வந்து குழந்தைகளும் கூட்டமாக உள்ளே நுழைந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் கையில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? சால்வடோருக்குக் கொலை மிரட்டலே வந்தது. சாகடிக்கும் முடிவு அவருடையது அல்ல, பதிப்பகமும் லூகாஸ்ஃபிலிமும் சேர்ந்து எடுத்தது. அட்டையில் அவர் பெயர் இருந்ததால் அடி அவருக்கு விழுந்தது.

* * *

சாவுக் காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் நன்றாகக் கட்டப்பட்ட காட்சி அது. திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நினைவில் நிற்பது “நிலா விழுந்து செத்தான், கேலிக்கூத்து” என்பது மட்டும்தான். வரிசையாகப் பாருங்கள்.

செர்ன்பிடல் என்ற கோள். அதன் நிலா டோபிடோ. எதிரிகளான யூஜான் வோங்குகள் கோளில் ஒரு டோவின் பேசலை வைத்துவிட்டார்கள். அது உயிருள்ள ஈர்ப்பு எந்திரம், அவர்கள் கப்பல்களை இழுப்பதும் அதே இனம்தான். அது நிலாவைக் கீழே இழுக்கிறது. ஹான், செவ்பாக்கா, ஹானின் 15 வயது மகன் அனகின் சோலோ மூவரும் ஃபால்கன் கப்பலில் ஆட்களை ஏற்றுகிறார்கள். அனகின் வெளியே மாட்டிக்கொள்கிறான். செவ்பாக்கா அவனைத் தூக்கி ஹானிடம் சேர்க்கிறான், ஆனால் காற்று அவனையே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஹான் கப்பலின் சரிவுப் பலகையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஓட்டுவது பையன். இன்னும் ஒரு முறை கீழே இறங்கினால் கப்பலில் இருக்கிற எல்லோரும் சாவார்கள் என்று கணக்குப் போட்டு, மூக்கை மேலே தூக்குகிறான். செவ்பாக்கா விழுந்துகொண்டிருக்கும் நிலாவைப் பார்த்துக் கையை உயர்த்திக் கர்ஜிப்பதுதான் கடைசிப் படம்.

இங்கே கொன்றது நிலா என்றாலும் கதை நகர்வது கப்பலை மேலே தூக்கியது யார் என்பதில்தான். அப்பா முகத்தைப் பார்த்துப் பையன் சரியான முடிவை எடுக்கிறான். அப்பாவால் அதை மன்னிக்க முடியவில்லை. அடுத்த எட்டுப் புத்தகம் இந்த ஒரு கியர் மாற்றத்தில் ஓடுகிறது.

குறை எங்கே என்றால், இந்தக் காட்சி புத்தகத்தின் முடிவில் இல்லை. இதற்குப் பிறகும் ஹெல்ஸ்கா என்ற பனிக்கோளில் ஒரு பெரிய சண்டை பாக்கி இருக்கிறது. நண்பனைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில் உடனே கல்யாண மேளம் கேட்ட மாதிரி. அந்தக் கடைசிப் பகுதியைக் கவனமாகப் படித்த வாசகரைப் பார்ப்பது அபூர்வம்.

* * *

மேலே எழுதிய நண்பர் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். கோபம் ஏன் அவ்வளவு நாள் நீடித்தது என்பதற்குப் பதில் புத்தகத்துக்குள் கொஞ்சம், வெளியீட்டு அட்டவணையில் நிறைய.

‘வெக்டார் பிரைம்’ 1999 அக்டோபர். அடுத்த இரண்டும் மைக்கேல் ஸ்டாக்போல் எழுதியவை, 2000-இன் முதல் பாதியில் வந்தன. அவற்றில் ஹான் ஓரத்தில்தான். செவ்பாக்காவின் சொந்தக் கோளான கஷீக்கில் அவனுக்கு நினைவு நிகழ்ச்சி, ஹான் வீட்டை விட்டுக் கிளம்புவது எல்லாம் ஜேம்ஸ் லூசெனோவின் ‘ஹீரோஸ் டிரையல்’ வந்த பிறகுதான். அது 2000 ஆகஸ்ட். சாவுக்கும் காரியத்துக்கும் நடுவே பத்து மாதம்! அந்தப் பத்து மாதமும் வாசகர்களின் துக்கத்துக்குக் கதையில் இடமே இல்லை. “விளம்பரத்துக்காகக் கொன்றார்கள்” என்ற பேச்சு அந்த இடைவெளியில்தான் வேர் பிடித்தது.

இன்று படிக்கிறவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. முதல் புத்தகத்தை முடித்த கையோடு ‘ஹீரோஸ் டிரையல்’ எடுத்துவிடுங்கள். ஸ்டாக்போலின் இரண்டுக்கும் பிறகு திரும்பலாம். அதில் இதார் கோள் அழிவதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், இடையில் எதுவும் புரியாமல் போகாது.

* * *

நிலா விஷயத்தில் இயற்பியல்காரர்களின் புலம்பல் ஒன்று உண்டு. அதில் பாதி நியாயம். அடர்த்தி ஒன்றாக இருக்கும் கோளுக்கும் நிலாவுக்கும், கோளின் ஆரத்தைப் போல சுமார் 2.44 மடங்கு தூரத்துக்குள் நிலா வந்தால், தன் ஈர்ப்பால் மட்டும் சேர்ந்திருக்கும் நிலா பிய்ந்து போகும். இது ரோஷ் எல்லை. அப்படியானால் முழு உருண்டையாக வந்து விழக் கூடாது, சல்லி சல்லியாகத்தான் வர வேண்டும்.

மறுபாதி: கெட்டிப் பாறையாக இருந்தால் இன்னும் உள்ளே தாங்கும். செவ்வாயின் ஃபோபோஸ் மையத்தில் இருந்து சுமார் 9,400 கி.மீ.யில் சுற்றுகிறது. செவ்வாயின் ஆரம் 3,390 கி.மீ.தான், ஆக அந்த 2.44 மடங்கு ஒரு 8,300, ஃபோபோஸ் இன்னும் அதற்கு வெளியேதான். ஃபோபோஸ் நூறு வருஷத்துக்குச் சுமார் 1.8 மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது. செர்ன்பிடலில் மணிக்கணக்கில் நடப்பது அங்கே கோடிக்கணக்கான வருஷம் எடுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். செவ்பாக்கா சாவுக்கு அழாமல் ரோஷ் எல்லைக்கு அழுகிறவர்கள் வேறு தொடர் பார்க்கலாம்.

* * *

வரிசையின் நிஜமான கனம் டிராய் டென்னிங்கின் ‘ஸ்டார் பை ஸ்டார்’. 2001 கடைசியில் வந்தது, வரிசையிலேயே தடிமனானவற்றில் ஒன்று. பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். காரணம் இருட்டு இல்லை, ஆள் கூட்டம். மிர்கர் கோளுக்குப் போகும் இளம் ஜெடாய் (ஃபோர்ஸ் என்ற மறைசக்தி கொண்ட வீரர்கள்) குழுவில் இருப்பவர்கள் பாதிப் பேர் பழைய சிறுவர் நாவல்களில் இருந்து வந்தவர்கள். அவர்களைத் தெரியாமல் படித்தால் ஒவ்வொரு சாவும் வெறும் பெயராகக் கடந்து போகும். ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு படிப்பது சிறுபிள்ளைத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் வேலை செய்யும்.

தெரிந்திருக்க வேண்டிய மற்ற விஷயங்கள் கொஞ்சம்தான். யூஜான் வோங்குகளை ஃபோர்ஸால் உணர முடியாது, அதனால் ஜெடாய்கள் அவர்கள் முன் பாதிக் குருடர்கள். அவர்கள் போடும் வொண்டூன் நண்டுக் கவசம் லைட்சேபர் என்ற ஒளி வாளையே தாங்கும். அக்குளுக்குக் கீழே குத்தினால் உள்ளே போகும். ஆம்ஃபிஸ்டாஃப் என்பது உயிருள்ள பாம்பு, நினைத்தால் தடி, நினைத்தால் சாட்டை, விஷமும் துப்பும். வாக்ஸின் என்பது ஜெடாய்களை மோப்பம் பிடித்து வேட்டையாடப் பிறப்பிக்கப்பட்ட மிருகம். குழு போவது அதன் ராணியைக் கொல்ல.

அனகின் சோலோ வயிற்றில் வாங்கிய காயத்தோடு பல அத்தியாயம் நடக்கிறான். எல்லா நாவலிலும் ஹீரோ காயத்தோடு நடப்பான், பிறகு பிழைப்பான். டென்னிங் அந்தப் பழக்கத்தை வைத்தே வாசகரை ஏமாற்றுகிறார். ஓய்வெடுத்தால் ஆறும் காயம், ஓய்வெடுக்க நேரம் இல்லை, அதனால் ஆறவில்லை. கொன்றது நேரமின்மை. அதைத் தாண்டியதும் தலைநகரக் கோளான கோரசாண்ட் எதிரி கையில் விழுகிறது. அகதிக் கப்பல்களைக் கொண்டுவந்து கோளின் காப்புத் திரையில் மோத விடுகிறார்கள், காவலர்கள் சுடுவதா வேண்டாமா என்று தவிக்கிறார்கள். இந்தப் புத்தகம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2001 செப்டம்பர் 11 நடந்து ஏழெட்டு வாரத்துக்குள். அன்று அதைப் படித்தவர்களின் எதிர்வினையை இன்றைய எதிர்வினையோடு ஒப்பிடக் கூடாது.

இத்தனை புத்தகமாக எல்லோரும் வெறுத்த அரசியல்வாதி போர்ஸ்க் ஃபேலியா கடைசியில் தன் அலுவலகத்தில் குண்டு வைத்து, தன்னோடு எதிரிக் கூட்டத்தையும் சேர்த்து அழிக்கிற இடத்தைத் தவறவிடாதீர்கள்.

* * *

அனகின் சாவு பற்றி ஒரு திருத்தமும் சேர்த்து. “முதலில் இருந்தே அப்படித் திட்டம்” என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. ஆரம்பத் திட்டத்தில் வரிசையைக் கடைசி வரை சுமக்க வேண்டியவன் அனகின்தான், சாக வேண்டியவன் அண்ணன் ஜேசன். திரையில் இன்னொரு அனகின் (அனகின் ஸ்கைவாக்கர்) வளர்ந்துகொண்டிருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று மேலிடத்தில் மாற்றச் சொன்னார்கள். கிரெக் கீஸின் ‘கான்க்வெஸ்ட்’ படித்தால் இது புரியும். அதில் அனகினை ஒரு முழு நாயகனாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். வீடு கட்டி, சுண்ணாம்பு அடித்து, குடி போகாமல் இடித்த மாதிரி இருப்பது அதனால்தான்.

அதே காரணத்தால் ‘கான்க்வெஸ்ட்’டைத் தாண்டாதீர்கள். அதற்கு முன் கேத்தி டையர்ஸின் ‘பேலன்ஸ் பாயிண்ட்’டையும் தாண்டாதீர்கள். மந்தமான புத்தகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜேசன் ஃபோர்ஸைப் பயன்படுத்த மாட்டேன் என்று அடம்பிடித்து, அம்மாவைக் காப்பாற்ற அதை உடைப்பது அதில்தான். எதிரித் தளபதி “ஜெடாய்களை ஒப்படைத்தால் மற்றவர்களை விட்டுவிடுகிறேன்” என்று விலை பேசுவதும் அங்கேதான் தொடங்குகிறது. அது தெரியாமல் ‘கான்க்வெஸ்ட்’ எடுத்தால் சொந்த மக்களே ஜெடாய்களைக் காட்டிக்கொடுப்பது ஏன் என்று புரியாது.

குறுக்கு வழி வேண்டுமென்றால்: வெக்டார் பிரைம், ஹீரோஸ் டிரையல், பேலன்ஸ் பாயிண்ட், கான்க்வெஸ்ட், ஸ்டார் பை ஸ்டார், டிரெய்டர், டெஸ்டினிஸ் வே, கடைசியாக யூனிஃபையிங் ஃபோர்ஸ். எட்டு. இதைவிடக் குறைத்தால் இருட்டு மட்டும் மிஞ்சும், காரணம் மிஞ்சாது.

* * *

பட்டியலுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘டிரெய்டர்’ மட்டும் தனி ரகம், அதைத் தனியாகவே படிக்கலாம் என்பவர்கள் பக்கம்தான் நான். மேத்யூ ஸ்டோவர், 2002, சின்ன பேப்பர்பேக். விண்கலச் சண்டையே இல்லை என்று சொல்லலாம். முக்கியப் பாத்திரங்கள் நான்கு: சிறைப்பட்ட ஜேசன், அவனைச் சித்திரவதைக்குக் கொடுத்துவிட்டு அதே வாயால் பாடம் நடத்தும் வெர்ஜியர், ஒற்றன் நோம் அனோர், பந்தாவுக்கே பெயர் போன ஜெடாய் கானர் ரைசோட்.

எதிர்வினை இரண்டாகப் பிளக்கும் இடம் நடுவில். ஃபோர்ஸில் இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்று இல்லை, இருட்டு இருப்பது உன்னிடத்தில் என்கிற மாதிரி வெர்ஜியர் பேசுகிறாள். ஒரு கூட்டம் அதை வேதமாக எடுத்துக்கொண்டது. இன்னொரு கூட்டம் படங்களின் அடித்தளத்தையே அசைக்கிறாள் என்று கொதித்தது. இரண்டு கூட்டமும் மறந்துபோவது: பேசுகிறவள் தன் பேச்சை நம்பாதே என்று சேர்த்தேதான் சொல்கிறாள். நாவல் எங்கேயும் தன் குரலில் அவளுக்குச் சான்றிதழ் தரவில்லை. சித்திரவதைப் பகுதி தாங்கவில்லை என்று முதல் 50 பக்கத்தில் மூடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே யோசனை: வலியைப் பற்றி வரும் பத்திகளை வேகமாகக் கடக்காமல் மெதுவாகப் படியுங்கள். வேகமாகப் படித்தால் அது கொடூரமாக மட்டும் தெரியும். ஜேசன் அந்த வலியை எப்படிக் கையாளக் கற்கிறான் என்ற வேலை அந்த மெதுவில்தான் தெரியும்.

கடைசியில் கானர் ஒற்றை ஆளாக வாசலை மறித்து நிற்கிறான். இத்தனை நாளாகப் பந்தாக் காட்டியவன் முதல்முறை நிஜமாகவே அப்படி ஆகிறான். வெக்டார் பிரைமைத் திட்டி முடித்தவர்கள்கூட இந்த அத்தியாயத்துக்கு அடங்கிப் போவார்கள்.

* * *

அந்த வெர்ஜியரைத்தான் 2006-இல் தொடங்கிய அடுத்த வரிசையில், அவள் சித் (இருண்ட பக்கத்தைச் சேர்ந்தவள்) என்று ஒரு வரியில் முடித்தார்கள். ஜேசனே வில்லனாகி, 2007-இல் லூக்கின் மனைவி மாரா ஜேடைக் கொன்று, 2008-இல் இரட்டைச் சகோதரி ஜேனா கையால் சாகிறான். ‘டிரெய்டர்’ ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத புண் அது. இருட்டு அதிகமானதால் வந்த கோபம் இல்லை. திறந்து வைத்திருந்த கேள்வியை மூடியதால் வந்த கோபம். 2014 ஏப்ரலில் இவை எல்லாமே ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனி அலமாரிக்குப் போயின. 2015 படத்தில் செவ்பாக்கா உயிரோடு ஃபால்கன் ஓட்டினான்.

பழைய பிரதி வாங்குகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. ஒலிப்புத்தகம் எடுத்தால் சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா என்று பாருங்கள். அந்தக் காலத்துச் சுருக்கங்களில் சண்டை இருக்கும், துக்கம் வெட்டுப்பட்டிருக்கும். இரண்டாவது, இந்த வரிசையில் பல புத்தகங்களின் முன்பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல் இருக்கும். அடுத்த புத்தகத்தின் அந்தப் பக்கத்தை முன்கூட்டிப் புரட்டாதீர்கள். யார் பெயர் இல்லையோ அவர் போய்விட்டாரோ என்று ஊகித்துவிடுவீர்கள். ‘ஸ்டார் பை ஸ்டார்’ முடிக்கும் வரை ‘டார்க் ஜர்னி’யைக் கையிலேயே எடுக்க வேண்டாம். அது மிர்கரில் இருந்து தப்பி ஓடும் கப்பலில்தான் தொடங்குகிறது.