எல்இடி மாற்றியபின் 12 கிமீ கூடுதலாகக் காட்டும் வேகமானி

2011 மாடல் பெட்ரோல் காரின் டாஷ்போர்டு மீட்டரில் மூன்று வாரங்களுக்கு முன் நானே எல்இடி பொருத்தினேன். முகப்புத் தாளைக் கழற்றுவதற்காக வேகமானி, எரிபொருள் முட்கள் இரண்டையும் பிடுங்கியபோது பழைய நிலையைப் பென்சிலால்கூடக் குறித்துக்கொள்ளாதது என் மடத்தனம்.

இப்போது ஜிபிஎஸ் 40 காட்டும்போது முள் 52இலும், 80 காட்டும்போது 92இலும் நிற்கிறது. டேங்க் நிரம்பியிருந்தாலும் எரிபொருள் முள் முக்காலைத் தாண்டுவதில்லை. நான் தொடாத வெப்பமானி முள் சரியாகவே இருக்கிறது. பேட்டரி இணைப்பை அரை மணி நேரம் கழற்றி வைத்தும் பயனில்லை. முள்ளை இருமுறை பிடுங்கிக் கண்ணளவில் 0இல் அழுத்தினாலும், சாவியைத் திருப்பியதும் முள்ளைப் படிப்படியாகச் சுழற்றும் ஸ்டெப்பர் மோட்டார் தன் தொடக்க நிலையைத் தேடி நகரும்போது முள் மீண்டும் விலகிவிடுகிறது. விலகல் எல்லா வேகத்திலும் ஒரே அளவு என்பதால் சென்சாரைச் சந்தேகிக்கவில்லை.

மோட்டார் தண்டைக் கீழ்த்தடை (அதற்கு மேல் பின்னோக்கிச் சுழலாத இடம்) வரை மெல்லத் திருப்பி, மின்சாரமின்றி முள்ளைப் பொருத்த வேண்டுமா, அல்லது சாவியைப் போட்டு மோட்டார் ஓய்ந்து நின்றபின் பொருத்த வேண்டுமா?