கலைச்சொல் தேவை: ‘லினன்-பேக்டு’ போஸ்டரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கோவையிலிருந்து:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய சினிமா போஸ்டர்களை இணையத்தில் விற்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். விற்பனைக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதுதான் கையேட்டின் பொருள். முதல் வெளியீடு, மறுவெளியீடு, மறு அச்சு, மடிப்புக்கோடு, ஊசித்துளை, ஓரக் கிழிசல் என்று பெரும்பாலும் சொற்கள் அமைந்துவிட்டன.

மாட்டிக்கொண்டது ‘லினன்-பேக்டு’. நைந்த போஸ்டரை நீரில் அலசி, கோதுமைப் பசை தடவி, மெல்லிய ஜப்பானியத் தாள் ஒன்றின் மேலும் அதற்கடியில் துணியின் மேலும் பதிய வைப்பார்கள். பசை நீரில் கரைவது என்பதால் வேண்டும்போது பிரித்துவிடலாம். இதற்கு நேர்மாறானது, சூடுபடுத்தி அட்டையில் நிரந்தரமாக ஒட்டுவது. அதைச் செய்தால் போஸ்டரின் மதிப்பு பெருமளவு போய்விடும். ஆகவே இரண்டும் வாங்குபவருக்குக் குழம்பவே கூடாது. ‘துணி ஒட்டிய சுவரொட்டி’ என்று எழுதி நண்பரிடம் காட்டினேன். “எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது?” என்று கேட்டார். ஒட்டுப் போட்டது என்று புரிந்துகொண்டிருக்கிறார். உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

தம்பி, சிக்கல் ‘சுவரொட்டி’யிலேயே தொடங்குகிறது. மண்வெட்டி மண்ணை வெட்டுகிறது, பல்குத்தி பல்லைக் குத்துகிறது. இகர ஈறு செய்பவரையோ கருவியையோதான் பெரும்பாலும் சுட்டும். அந்தக் கணக்கில் சுவரொட்டி என்றால் பசை என்றுதான் பொருள் வர வேண்டும். ஒட்டப்படும் தாளுக்கு அது எப்படியோ ஆகிவந்துவிட்டது. போகட்டும். அதன் முன்னால் இன்னொரு ‘ஒட்டிய’ சேர்த்தால் காதுக்கும் இனிமையில்லை, பொருளும் தெளிவில்லை.

லினன் என்பது ஆளிச் செடியின் நாரில் நெய்வது. நாம் ஆளி விதை என்கிறோமே, அதே செடி. எனவே ‘ஆளித்துகில் முதுகு’ என்பது என் பரிந்துரை. சுருக்கமாக வேண்டுமென்றால் ‘துகின்முதுகு’. லகரத்தின் முன் மகரம் வந்ததால் னகரமாயிற்று.

சென்னையிலிருந்து:

ஐயா மன்னிக்க வேண்டும். நான் பதினைந்து ஆண்டுகளாகப் போஸ்டர் சேகரிக்கிறேன், விற்கவும் செய்கிறேன். ‘துகின்முதுகு’ என்று தலைப்பில் போட்டால் ஒருவரும் வந்து சேர மாட்டார்கள். தேடுபவர் தட்டச்சு செய்வது ‘போஸ்டர்’. சுவரொட்டி என்றுகூடத் தேடுவதில்லை. கட்சிச் சுவரொட்டி, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி எல்லாம்தான் அவர்கள் நினைவுக்கு வரும்.

இன்னொன்று, இன்றைக்குப் பின்னால் வைப்பது பெரும்பாலும் பருத்தித் துணி. லினன் என்ற பெயர் பழைய வழக்கத்தில் தங்கிப்போனது. ‘ஆளி’ என்று தமிழில் எழுதினால் தவறான தகவலை நாமே சேர்க்கிறோம். விற்பனைக் குறிப்பில் அது பொய்.

இந்தச் சொல் ஏன் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். அமெரிக்க ‘ஒன்-ஷீட்’, அதாவது திரையரங்குகளுக்கான வழக்கமான ஒற்றைத்தாள் போஸ்டர், முன்பு 27×41 அங்குலம். 1980களின் தொடக்கம் வரை திரையரங்குகளுக்குப் பெரும்பாலும் மடித்துத்தான் அனுப்பினார்கள். ஆகவே 1950களின் போஸ்டரில் மடிப்பு இருப்பது குறையே இல்லை. மடிப்பே தெரியவில்லை என்றால்தான் கேள்வி. துணியில் பதித்துச் சீர்செய்ததா, மறு அச்சா? விற்பவர் அதை முதல் இரண்டு வரிக்குள் சொல்ல வேண்டும். அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போஸ்டர் அனுப்பிய நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் நிறுவனம் விநியோகித்தவற்றில் கீழ் ஓரத்தில் ஆண்டோடு ஓர் எண் இருக்கும். அதன் முன்னால் ‘ஆர்’ (R) எழுத்து இருந்தால் மறுவெளியீடு. அந்த மூலையை நெருக்கத்தில் படம் எடுத்துப் போடாத குறிப்பை நான் நம்புவதில்லை. ‘அரிய’, ‘அபூர்வ’ என்று எத்தனை அடைமொழி போட்டாலும் அந்த ஒரு படத்துக்கு ஈடாகாது.

அப்புறம், துணி வைத்ததை மறைத்து விற்றால் மறுநாளே திரும்பி வரும். பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே.

தஞ்சாவூரிலிருந்து:

பருத்தி என்பதை ஏற்கிறேன். ஆளியை விட்டுவிடலாம். ஆனால் துணி என்பதற்குத் தமிழில் சொல்லா இல்லை? அறுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி. துணி வணிகரான சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரை மறந்துவிட்டோமா? இன்று அறுவை என்றால் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும், அதனால் வற்புறுத்தவில்லை.

‘படம்’ என்ற சொல்லைப் பாருங்கள். முல்லைப்பாட்டில் மிலேச்சர் என்ற அயல்நாட்டார் அணிந்த சட்டை படம். புறநானூற்றில் பேகன் மயிலுக்கு ஈந்தது படாம். துணியைக் குறித்த சொல் துணியில் வரைந்த ஓவியத்துக்கு ஆகி, இன்று சினிமாவுக்கே பெயராகிவிட்டது. சினிமாப் படத்தின் தாளை மறுபடியும் படாத்தின் மேல் வைக்கிறோம். இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? ‘படாம் பதித்தது’ என்று சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து:

ஐயா, படித்தபோது எனக்கே சிலிர்த்தது, உண்மை. ஆனால் ‘படாம் பதித்த பட போஸ்டர்’ என்று எழுதினால் வாங்குபவர் எழுத்துப்பிழை என்று நினைப்பார். தவிர, படம் என்பது ‘பட’ என்ற வடசொல்லின் வழி என்போரும் உண்டு. அந்த விவாதம் தொடங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

சிவகாசியிலிருந்து:

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா பைண்டிங் வேலை செய்தவர். பள்ளிக்கூட மேப்புகள் நினைவிருக்கிறதா? மேலேயும் கீழேயும் உருளைக்கட்டை, பின்னால் துணி. மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்த்து, துணியைப் பலகையில் இழுத்து அடித்து, அதன் மேல் மேப்பை நீவிப் படிய வைப்பார். அதை அப்பா ‘துணி வச்ச மேப்’ என்பார். ஒட்டினது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கிழிந்த இடத்துக்கு மட்டும்தான் ‘ஒட்டு’. அட்டையில் ஏற்றினால் ‘அட்டையடிச்சது’.

தையற்காரரும் காலருக்குக் ‘கேன்வாஸ் வைத்து’ என்றுதானே சொல்கிறார்? முழுப் பரப்புக்கும் உள்ளே ஒன்றைக் கொடுத்துத் தாங்குவதற்கு ‘வைத்தல்’ ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ‘துணி வைத்த போஸ்டர்’, ‘அட்டையில் ஒட்டிய போஸ்டர்’. இரண்டும் குழம்பாது.

சென்னையிலிருந்து:

இதுதான். என் வாக்கு இதற்கு.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, உங்கள் அப்பாவின் சொல்லுக்கு வணக்கம். பேச்சில் அது சரி. ஆனால் கலைச்சொல் என்றால் அதிலிருந்து பெயரும் வினையும் கிளைக்க வேண்டும். இந்தத் தொழிலைச் செய்பவரை எப்படி அழைப்பீர்கள்? ‘துணி வைப்பவர்’ என்றால் ஜவுளிக்கடையில் அடுக்குபவர் போலிருக்கிறதே. ‘துணிப்பதிவு’, ‘துணிப்பதிவர்’ என்றால் கிளைக்கும்.

கோவையிலிருந்து:

‘பதிவு’ என்றதும் துணியில் அச்சிட்டது என்று எனக்குத் தோன்றியது. துணியிலேயே அச்சிட்ட பேனர்களும் விற்பனைக்கு வருவதால் அதைத் தவிர்க்கிறேன். நேரமும் இல்லை. கையேட்டில் இப்படிப் போட்டு அனுப்புகிறேன்:

“துணி வைத்த போஸ்டர். முதல் வெளியீடு. 27×41 அங்குலம். மடிப்புக்கோடுகளில் வண்ணம் தொட்டுச் சீர்செய்யப்பட்டுள்ளது. பின்பக்கப் புகைப்படம் இணைப்பில்.”

சீர்செய்பவருக்கான பெயர் இந்தக் கையேட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. அங்கே ‘போஸ்டர் சீரமைப்பாளர்’ என்று வைத்திருக்கிறேன். 

தஞ்சாவூரிலிருந்து:

அனுப்புங்கள் தம்பி, தடுக்கவில்லை. என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் கலைச்சொல் பட்டியல் சேர்ப்பதாக இருந்தால் ‘படாம்’ என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது வையுங்கள். சிவகாசி அம்மாவுக்கு ஒரு கேள்வி: இழுத்து அடித்த துணி காய்ந்த பிறகு மேப்பைப் பலகையிலிருந்து வெட்டி எடுப்பதற்கு உங்கள் அப்பா என்ன சொல் வைத்திருந்தார்?