வரிசை வீட்டுக்குச் சாயம்: ஆள் வைப்பதா, நாமே அடிப்பதா?

கெலுகோர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு, கெலுகோரில் உள்ள எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டுக்குத் தீபாவளிக்கு முன் சாயம் அடிக்க எண்ணியிருக்கிறோம். வரவேற்பறைச் சுவர்கள் நன்றாகவே உள்ளன. ஆனால் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் சாயம் கொப்புளித்து உதிர்கிறது. வீட்டின் பின்புற மேல்மாடிச் சுவரில் கரும்பாசி படர்ந்திருக்கிறது. சாயம் அடித்துத் தரும் இரண்டு குத்தகையாளர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் சொன்ன விலை மற்றவருடையதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதற்கான காரணத்தை இருவருமே விளக்கவில்லை. கணவரும் மகனும் தாங்களே அடித்துவிடலாம் என்கிறார்கள். வீட்டில் இளைப்பு நோயுள்ள (ஆஸ்துமா) மாமியார் இருக்கிறார். என்ன செய்யலாம்?

ஜெலுத்தோங் அடுக்குமாடி:

சகோதரி, நல்ல நிலையில் இருக்கும் அறைகளை நீங்களே அடிக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டுமே தவிர, பெரிய தேர்ச்சி தேவையில்லை. எவ்வளவு சாயம் வாங்குவது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். சாதாரண உட்புறச் சாயம் ஒரு லிட்டருக்கு, ஒரு பூச்சுக்கு, 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து 42 சதுர மீட்டர்; கதவு, சன்னலைக் கழித்தால் சுமார் 37. இரண்டு பூச்சுக்கு 74 என்றால் 7 லிட்டர் போதும். கூரையின் உட்புறத்துக்குத் தனிக் கணக்கு. நிறம் கலந்து வாங்குவதாக இருந்தால் ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். பிறகு வாங்குவது சற்றே வேறுபட்டாலும் சுவரின் நடுவில் அது தெரிந்துவிடும்.

என்னைப் போல் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: வீட்டின் வெளிச்சுவர் பெரும்பாலும் பொதுச் சொத்து. நிர்வாகத்தைக் கேட்காமல் அதன் நிறத்தை மாற்றக் கூடாது.

சாயத் தொழிலாளி, பட்டர்வொர்த்:

அம்மா, இந்தத் தொழிலிலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். விலை இரு மடங்காவது பெரும்பாலும் சாயத்தினால் அல்ல, சாயம் அடிப்பதற்கு முன் செய்யும் வேலையினால்தான். பழைய சாயத்தைச் சுரண்டுவது, வெடிப்பை அடைப்பது, தேய்ப்பது, சீலர் (சாயம் சுவரில் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) பூசுவது ஆகியவற்றுக்கே பாதி நாள்கள் போய்விடும். விலை குறைத்துச் சொல்பவர் முதலில் கைவிடுவதும் இவற்றைத்தான். சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் சீலர் இல்லாமல் அடிக்கும் சாயம் நிலைக்காது. ஆகவே எந்தச் சாயம், எத்தனை பூச்சு, சீலர் உண்டா, வெடிப்பை யார் அடைப்பது, தளவாடங்களை யார் மூடுவது என்பதையெல்லாம் இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். சாய வாளிகளை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்த சாயம் முதல் மாதத்தில் நன்றாகத்தான் தெரியும்.

கொப்புளித்த சுவருக்கு இப்போது நீங்களும் அடிக்க வேண்டாம், ஆளையும் வைக்க வேண்டாம். சாயத்துக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறது. முதலில் குழாய்க்காரரை அழைத்துக் குளியலறைக் குழாயையும் தரை ஓடுகளின் இடுக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவை நிறுத்திய பிறகு உதிரும் சாயத்தைச் சுரண்டி, சுவரில் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, சுவரைக் காயவிடுங்கள். பின்னர் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கத்தில் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. எவ்வளவு விலை உயர்ந்த சாயமும் அங்கே நிற்காது. புதிதாகச் சிமெண்ட் பூச நேர்ந்தால் 28 நாள் காத்திருந்து, சிமெண்டின் காரத்தன்மையைத் தாங்கும் சீலரைப் பூசுவதே முறை.

பின்புற மேல்மாடிச் சுவரை மட்டும் கட்டாயம் ஆளிடம் விடுங்கள். ஏணியில் நின்று ஒரு கையால் ரோலர் தள்ளும் வேலையில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதையும் தீபாவளிக்கு முன் செய்ய அவசரப்படாதீர்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை மிகுதி. ஈரச் சுவரில் அடித்துவிட்டு மறு ஆண்டே மீண்டும் அடிப்பதைவிட, ஜனவரி, பிப்ரவரியின் வெயிலுக்குக் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

ஜோர்ஜ் டவுன்:

மேலே சொன்னவை சிமெண்ட் பூச்சுச் சுவர்களுக்குப் பொருந்தும். எங்களைப் போல் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கடைவீட்டில் இருப்பவர்கள் அவற்றை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று வருத்தத்தோடு கேட்டுக்கொள்கிறேன். அச்சுவர்கள் செங்கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சு கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியாகவே வெளியேற வேண்டும். அதன்மேல் நவீன பிளாஸ்டிக் சாயத்தை அடித்து மூடினால் ஈரம் உள்ளே தங்கி, உப்பாகப் பூத்து, பூச்சையே பெயர்த்துவிடும். இவற்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே பொருத்தம். அதை அறிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பகுதிக்குள் வீடு இருந்தால், வேலையைத் தொடங்குமுன் மாநகர் மன்றத்தைக் கேட்டுவிடுங்கள்.

கெலுகோர் வாசகி:

மிக்க நன்றி. வரவேற்பறையை நாங்களே அடிக்கிறோம், குழாய்க்காரரை அழைத்திருக்கிறோம், பின்சுவரை ஜனவரிக்குத் தள்ளிவைக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள். மாமியாரின் இளைப்புக்கு எந்தச் சாயம் நல்லது? முன்பணம் வாங்கியவர் வேலையைப் பாதியில் விட்டால் யாரிடம் போவது?

ஜெலுத்தோங் அடுக்குமாடி:

இரண்டாவதற்கு மட்டும் சொல்கிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். எழுதி வாங்கிய விலைப்பட்டியலும் பணம் கொடுத்த ரசீதும் அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். பணத்தை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

சாயத் தொழிலாளி, பட்டர்வொர்த்:

வாசனை குறைந்த நீர்வகைச் சாயமாகப் பார்த்து வாங்குங்கள் அம்மா. ஆனால் வாசனை இல்லை என்பதால் தீங்கே இல்லை என்று எண்ண வேண்டாம். கதவு, சன்னல் கம்பிகளுக்கு அடிக்கும் எண்ணெய்ச் சாயம்தான் நெஞ்சை மிகவும் வருத்தும். சுவரைத் தேய்க்கும் நாளிலும் சாயம் அடிக்கும் நாள்களிலும் அவரை உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். தேய்க்கும் தூசு சாயத்தைவிடக் கெடுதல். பாசிக்கு வெளுப்பு நீரை (பிளீச்) தண்ணீர் கலந்து தடவும்போதும் அவர் அருகில் இருக்கக் கூடாது. அந்த நீரோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்கவே வேண்டாம். நச்சுப் புகை எழும்.